வளர்ந்த தெருநாயை வீட்டு நாயாகப் பழக்குவது எப்படி: சேலத்துக்காரர்களுக்கு ஒரு செய்முறை

குட்டி வளர்ப்பது பற்றித் தமிழில் வேண்டிய அளவு வீடியோ இருக்கிறது. ரெண்டு மூணு வயசான தெருநாயை எப்படி வீட்டுக்குப் பழக்குவது என்று தேடினால் எனக்கு உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுச் செவலை ஏற்காடு அடிவாரத்தில் கடை வாசல்களில் வளர்ந்தவள். அவளைக் கன்னங்குறிச்சிக்குக் கொண்டுவந்து பழக்கிய முறையை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தட்டு, மெத்தை, பேர் வைப்பது இதற்குள்ளெல்லாம் போகப்போவதில்லை. கொண்டுவந்த நாய் முதல் இரண்டு வாரத்தில் ஓடிப்போகாமல் பார்த்துக்கொண்டால் மிச்சமெல்லாம் தானாக நடக்கும்.

படி 1: இந்த நாயை எடுக்கத்தான் வேண்டுமா?

தெருவில் படுத்திருக்கிற நாய் எல்லாம் ஆளில்லாத நாய் இல்லை. செவலையைப் பற்றிக் கேட்டபோது டீக்கடை அக்கா சொன்னது: "அது மூணு கடைக்கும் பொதுங்க தம்பி. காலையில இங்க பன்னு, மத்தியானம் மெஸ்ஸுல, ராத்திரி பரோட்டாக் கடை." கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே, "வண்டிக்காரன் பின்னங்கால்ல ஏத்துனதுல இருந்து நொண்டுது. ராத்திரி ரோட்டைத் தாண்டறப்பதான் பக்குனு இருக்கு. நீங்க கொண்டுபோனா நல்லதுதான்" என்றார். இந்தச் சம்மதத்தை வாங்கிவிட்டு எடுங்கள். அக்காவின் போன் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

காது நுனியில் சின்னதாக வெட்டு இருந்தால் கருத்தடை ஆன நாய். உடம்பு நன்றாக இருந்து, சோறு போட ஆளும் இருந்தால் அதை அங்கேயே விடுவதுதான் சரி. 2023இல் வந்த விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் கருத்தடை, ரேபிஸ் ஊசி முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. ஆனால் 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கிற நாய்களைத் திரும்ப அங்கே விடாமல் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டது. அதனால் புதுப் பஸ் ஸ்டாண்டு, ஜங்ஷன், பெரியாஸ்பத்திரி வளாகம் இங்கெல்லாம் சுற்றுகிற நாய்க்கு ஒரு வீடு கிடைப்பது மற்ற நாய்களைவிட அவசரம். என்னைக் கேட்டால் முதலில் அங்கே பாருங்கள்.

அதே வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று வந்த உத்தரவு, நாய்ப் பிரியர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தத்தெடுக்கலாம் என்கிறது. எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு. நமக்கு சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று நாலு மண்டல அலுவலகம் இருக்கிறது. உங்கள் வார்டு எதில் வருகிறதோ அங்கே கேளுங்கள்.

பெட்டை நாயாக இருந்தால் மடியைப் பாருங்கள். காம்பு தொங்கிப் பால் கட்டியிருந்தால் பக்கத்தில் எங்கோ குட்டி இருக்கிறது, சாக்கடைப் பாலத்துக்கு அடியிலோ கட்டட மணல் மறைவிலோ. குட்டிகளைக் கண்டுபிடிக்காமல் தாயை மட்டும் தூக்கிவிடாதீர்கள்.

படி 2: நாய்க்கு முன்னால் உங்களுக்கு ஊசி

ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை. தெருநாய்களோடு பழகுகிறவர்கள் கடிபடுவதற்கு முன்பே ஊசி போட்டுக்கொள்ளலாம்: முதல் நாள், 7ஆம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள். இப்படிப் போட்டிருந்தால் பின்னால் கடிபட்டாலும் இரண்டு ஊசியோடு முடிந்துவிடும்.

முன்பே ஊசி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், கடிபட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது கடிகாரத்தைப் பார்த்து. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி அங்கே இலவசம். காரணமில்லாமல் பாய்ந்து கடிக்கிற, எச்சில் வடிகிற, தள்ளாடி நடக்கிற நாயை நீங்கள் பிடிக்கவே போகாதீர்கள். மாநகராட்சிக்குச் சொல்லிவிட்டு ஒதுங்குங்கள்.

படி 3: பிடிப்பது

ஒரே நேரம், ஒரே இடம், ஒரே சாப்பாடு. சில நாள் இப்படிப் போனால் நாய் உங்கள் வண்டிச் சத்தத்துக்கே எழுந்து வரும். வேகவைத்த கோழி ஈரல் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. குனிந்து தலைக்கு மேல் கை நீட்டாதீர்கள். பக்கவாட்டில் திரும்பிக் குந்தி உட்காருங்கள், அது வந்து உங்களை மோந்து பார்க்கட்டும். வாசனை பிடித்து முடித்த பிறகு நெஞ்சுப்பக்கம் தடவலாம்.

ஒரு சுருக்குக் கயிறும் தடிமனான பெட்ஷீட்டும் போதும். இரும்புச் சங்கிலி வேண்டவே வேண்டாம். அந்தச் சத்தத்துக்கே நாய் மிரளும், உங்கள் கையையும் கிழிக்கும். செவ்வாய்பேட்டையில் கன்றுக்குட்டிக்கு வாங்குகிற நூல் கயிறு இதற்கெல்லாம் மேல்.

*பிறகு சேர்த்தது:* ஏற்காட்டிலிருந்து நாயை இறக்கிய இரண்டு மூன்று பேர் ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள். கார் நாலாவது வளைவைத் தாண்டுவதற்குள் வாந்தி, கதவைத் திறந்ததும் நாய் ஓட்டம். சேலம் ரோட்டில் கொண்டை ஊசி வளைவு 20 இருக்கிறது. கிளம்புவதற்கு மூன்று நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் மட்டும் கொஞ்சம் தரலாம். எச்சில் ஒழுக ஆரம்பித்தால் வாந்தி வரப்போகிறது என்று அர்த்தம். வண்டியை ஓரங்கட்டுங்கள், ஆனால் கயிறு கையில் சுற்றியிருக்கிறதா என்று பார்க்காமல் கதவைத் திறக்காதீர்கள். குரங்குக் கூட்டம் இருக்கிற வளைவில் நிறுத்தினால் கதை கந்தல்.

படி 4: வீட்டுக்கு முன்னால் டாக்டர்

நேராகக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். மூன்று விஷயம் கேளுங்கள். முதலாவது, உண்ணிக் காய்ச்சல். நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். உண்ணியால் வருகிற எர்லிக்கியா, பபீசியா இரண்டும் நம் பக்கத்து நாய்களுக்குச் சகஜம், சீக்கிரம் பார்த்தால் மருந்தும் உண்டு. இரண்டாவது, பூச்சி மருந்து. மூன்றாவது, ரேபிஸ் ஊசியும், பார்வோ, டிஸ்டம்பர் மாதிரி நாய்க்கு வருகிற வைரஸ் நோய்களுக்குச் சேர்த்துப் போடுகிற கூட்டு ஊசியும். வீட்டில் ஏற்கெனவே ஊசி போடாத குட்டி இருந்தால் புது நாயை அதோடு சேர்க்காதீர்கள். பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் கிடக்கும். பினாயில் அதற்குப் போதாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும்.

சொறி பிடித்த நாய்க்கு மெக்கானிக் கடையிலிருந்து கழிவு ஆயில் வாங்கிப் பூசுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. அது நக்கும்போது வயிற்றுக்குள் போகும், தோல் வழியாகவும் இறங்கும். சொறிக்கு இப்போது ஊசி, மாத்திரை இரண்டும் இருக்கின்றன. எலும்பு முறிவு மாதிரிப் பெரிய விஷயமென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம், ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆத்தூர் பக்கம் இருப்பவர்களுக்குத் தலைவாசல் கால்நடைக் கல்லூரி கிட்டம்.

படி 5: பெல்ட்

எங்கள் வீட்டில் அதிகப் பாடு பட்டது இந்தப் படியில்தான். அதனால் நீட்டித்தான் எழுதப்போகிறேன்.

நாட்டு நாய்க்கு முகம் ஒடுங்கல். தலையும் கழுத்தும் கிட்டத்தட்ட ஒரே சுற்றளவு. கடையில் தருகிற சாதா பெல்ட்டை இரண்டு விரல் நுழைகிற அளவுக்குக் கட்டினால், நாய் முன்னால் இழுக்கிற வரைக்கும் நிற்கும். பின்னால் இழுத்தால் காதைத் தாண்டி வழுக்கிக் கழன்றுவிடும். லாரி ஹார்ன் கேட்டதும் நாய் உடனே ஓடாது, கவனித்துப் பாருங்கள். முன்னங்கால் இரண்டையும் தரையில் ஊன்றும். இடுப்பு தாழும். காது பின்னால் ஒட்டும். தாடையை நெஞ்சோடு சேர்க்கும். அடுத்தது பின்னுக்கு ஓர் எட்டு. பெல்ட் உங்கள் கையில் இருக்கும், நாய் சந்து முனையில் இருக்கும்.

அந்தத் தாடை நெஞ்சோடு சேர்கிற நொடியில் நம் கை தானாக இழுக்கும். இழுத்தால் கழலும். அதற்குப் பதில் நீங்களும் நாயின் பக்கம் ஓர் எட்டு வையுங்கள், கயிறு தொய்யட்டும். எதிரே இழுவிசை இல்லாவிட்டால் அதால் தலையை உருவ முடியாது. கூடவே குந்திவிட்டால் அரை நிமிடத்தில் காது நிமிரும், பிறகு நடக்கலாம்.

சாமான் விஷயத்தில் என் கட்சி இது. மார்ட்டிங்கேல் என்று கேட்டால் ஆன்லைனில் ஒரு வகைக் கழுத்துப் பட்டை கிடைக்கும். இழுத்தால் ஓர் அளவுக்கு இறுகி நின்றுகொள்ளும், கழுத்தை நெரிக்காது, தலையும் உருவ வராது. அதோடு நெஞ்சையும் முதுகையும் சுற்றி மாட்டுகிற ஒரு பாடி பெல்ட். இரண்டையும் சேர்த்து ஒரே கயிற்றில் மாட்டுங்கள். பாடி பெல்ட் மட்டும் போதும் என்று கடைக்காரர் சொல்வார். போதாது, ஒல்லி நாய் அதிலிருந்தும் பின்பக்கமாக உருவிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தானாகச் சுருங்குகிற லீஷ் (நடத்துகிற கயிறு) புது நாய்க்கு ஆகாது. கை நழுவினால் அந்த டப்பா தடதடவென்று பின்னால் துரத்துகிற மாதிரி வரும், நாய் இன்னும் வேகமாக ஓடும்.

வாங்கியதும் தெருவுக்குக் கிளம்பிவிடாதீர்கள். முதல் சில நாள் வீட்டுக்குள்ளேயே பட்டை கழுத்தில் இருக்கட்டும். அப்புறம் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஒரு முழக் கயிறு தொங்கட்டும், அது இழுத்துக்கொண்டு திரியும். கயிற்றை மறந்துபோய்ச் சாப்பிட ஆரம்பித்த பிறகு வாசல். தெருவுக்கு விடியற்காலையில் போங்கள், பால் வண்டி வருவதற்கு முன்.

அப்படியும் கழன்று ஓடினால் துரத்தாதீர்கள், கத்தாதீர்கள். உட்கார்ந்து, எதிர்ப்பக்கம் திரும்பி, ஈரல் டப்பாவைத் திறங்கள். கண்ணுக்கு மறைந்துவிட்டால் முதல் போன் அந்த டீக்கடை அக்காவுக்கு. பழைய இடம் எட்டுகிற தூரத்தில் இருந்தால் நாய் அங்கே போய் நிற்க வாய்ப்பு அதிகம்.

படி 6: வீட்டுக்குள்

ஒரு மூலை, ஒரு சாக்கு, தண்ணீர். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். குளிப்பாட்டுவதும் உடனே வேண்டாம், நாற்றம் ஒரு வாரம் பொறுக்கும்.

பலருக்குத் தெரியாத விஷயம் டைல்ஸ். மண்ணிலும் தாரிலும் நடந்த கால் பளபள தரையில் வழுக்கும். நாய் வாசற்படியிலேயே நின்றுவிட்டால் அது பிடிவாதம் இல்லை, பயம். வாசலிலிருந்து மூலை வரைக்கும் சாக்கை விரித்துப் பாதை போடுங்கள். பழகப் பழக ஒவ்வொரு சாக்காக எடுத்துவிடலாம். மாடிப்படிக்கும் இதே வைத்தியம்.

படுக்கிற இடத்தில் அசுத்தம் செய்யாத குணம் தெருநாய்க்குப் பெரும்பாலும் ஏற்கெனவே உண்டு. எழுந்ததும், சாப்பிட்டதும் வெளியே கூட்டிப்போனால் போதும்.

சோறு, கோழி, முட்டை என்று வைத்தால் ஒழுங்காகச் சாப்பிடும். பால் வைத்தால் நிறைய நாய்களுக்கு வயிற்றால் போகும். வேகவைத்த எலும்பு குடலைக் குத்தும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகவே ஆகாது. நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது: தட்டுவடை செட் சாப்பிடும்போது அது எப்படிப் பார்த்தாலும் கொடுக்காதீர்கள். அதில் வெங்காயம் இல்லாமல் யார் சாப்பிடுகிறார்கள்?

ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா மேளம், வேட்டு, பிறகு தீபாவளி. இந்தச் சமயங்களுக்குச் சற்று முன்னால் புது நாயை எடுக்காதீர்கள். எடுத்துவிட்டால் சாயங்காலமே வெளிவேலையை முடித்து, ஜன்னலைச் சாத்தி, கேட்டைப் பூட்டுங்கள்.

காப்பகத்திலிருந்து எடுப்பவர்களுக்கு

படி 3 உங்களுக்கு இல்லை, மற்றதெல்லாம் உண்டு. ஊசி அட்டை, கருத்தடை விவரம், பூனை, குழந்தைகளோடு எப்படி என்பதைக் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். கூண்டு மூலையில் ஒடுங்கியிருக்கிற நாயை வெளியே நடத்திப் பார்க்கக் கேளுங்கள், ஆளே மாறிவிடும். வீட்டை வந்து பார்ப்போம் என்று அவர்கள் சொன்னால் கோபப்படாதீர்கள், அது நல்ல காப்பகம்.

படி 7: கருத்தடை, வில்லை, வீட்டுக்காரர்

உடம்பு தேறியதும் கருத்தடை செய்துவிடுங்கள். தையல் ஆறுகிற வரைக்கும், சுமாராகப் பத்து நாள், நக்கவிடக் கூடாது. நக்காமலிருக்க மாட்டுகிற பிளாஸ்டிக் கழுத்துக் கூம்பை நாய் வெறுக்கும், பழைய டி-சர்ட்டை மாட்டி முதுகில் முடிச்சுப் போட்டாலும் சமாளிக்கலாம். பட்டையில் போன் நம்பர் பொறித்த வில்லையைத் தொங்கவிடுங்கள். ஓட்டல்களில் டோக்கன் தருவார்களே, அந்த அளவில் பித்தளையில் பொறித்துத் தருகிற கடைகள் இருக்கின்றன.

வாடகை வீடென்றால் நாயைக் கொண்டுவரும் முன்பே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அடுக்குமாடிச் சங்கம் நாயே வளர்க்கக் கூடாது என்று தடை போட முடியாது, விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதலில் இது தெளிவாக இருக்கிறது. லிஃப்டில் கயிறு கட்டாமல் கூட்டிப்போய்ச் சண்டையை நீங்களே இழுத்துவிடாதீர்கள்.

*மறுபடி சேர்த்தது:* ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் வீடு இருப்பவர்கள், நாயை ராத்திரி அவிழ்த்துவிடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். காட்டெருமை இறங்குகிற இடம் அது. நாய் குரைத்துக்கொண்டே கிட்டப் போய், அது திரும்பினால் உங்களிடம்தான் ஓடிவரும், காட்டெருமையும் பின்னாலேயே வரும். தோட்டத்தில் உண்ணியும் அதிகம். காது மடிப்பு, விரல் இடுக்கு, வாலடி மூன்றையும் தினமும் தடவிப் பாருங்கள். உண்ணி மருந்தை எத்தனை வாரத்துக்கு ஒருமுறை போடுவது என்பதை நாயின் எடையைச் சொல்லி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டுக்கு வாங்கி வைத்திருக்கிற மருந்தைக் கணக்கில்லாமல் கலந்து ஊற்றாதீர்கள்.