இன்னும் ஒரே ஒரு வாய்

போன வாரம் அக்கா மகளின் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்றேகால் வயதுக் குழந்தை கட்டிலுக்கடியில் பதுங்கியிருந்தது. அவள் பருப்புச் சாதக் கிண்ணத்தோடு மண்டியிட்டு, கைபேசியை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். 25 வருடங்களுக்கு முன்பு நான் நின்ற அதே கோலம். அப்போது கைபேசிக்குப் பதில் காக்காய். பிள்ளை வளர்ப்பில் நாம் செய்யும் தவறுகள் சிலவற்றைச் சொல்கிறேன். அடிக்காதீர்கள், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லியாயிற்று. விட்டுவிடுகிறேன்.

ஊட்டியே தீருவது

எனக்கு இன்னும் ஆறாத தவறு இது. பிறந்த எடை, முதல் பிறந்தநாளுக்குள் ஏறக்குறைய 3 மடங்காகிறது. இரண்டாம் வருடம் முழுக்கச் சேர்த்தே 2, 2½ கிலோதான் கூடும். வளர்ச்சியின் வேகம் தணிந்தால் பசியும் தணியத்தானே செய்யும்? இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ‘பிள்ளை இளைத்துவிட்டானே’ என்று வந்தவர் போனவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. மகன் உதட்டை இறுக்கினால் மூக்கைப் பிடிப்பேன். மூச்சுக்காக வாய் திறந்தால் உள்ளே ஒரு உருண்டை. எழுதவே வெட்கமாக இருக்கிறது. கன்னத்தில் அடக்கி வைத்திருந்து, கடைசியில் வாந்தி எடுப்பான். துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

கல்லூரி விடுதிக்குப் போனபின் ஒருநாள் தொலைபேசியில் சொன்னான்: “பசிக்கிறதா இல்லையா என்றே தெரிவதில்லை அம்மா. எல்லோரும் எழுந்தால் நானும் தட்டை எடுத்துக்கொண்டு போகிறேன்.”

அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1966-இல் வளர்ப்பு முறைகளை மூன்றாகப் பிரித்தார்: அடக்கி ஆள்வது, போக்கிலே விடுவது, கண்டிப்போடு காதும் கொடுப்பது. நான் மூன்றாவது ரகம் என்றே நம்பியிருந்தேன். படிப்பிலும் விளையாட்டிலும் அப்படித்தான் இருந்தேன். சோற்றுக் கிண்ணம் கைக்கு வந்தால் முதல் ரகம். கைபேசியைக் காட்டி ஊட்டுவது செல்லம்போலத் தெரியும். அதுவும் அடக்குமுறைதான்; குழந்தை அசந்த நேரத்தில் வாய்க்குள் தள்ளுகிறோம். 2 வயது ஆகும்வரை திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது வேறு கதை.

என்ன சமைப்பது, எப்போது வைப்பது என்பது நம் பாடு. எவ்வளவு என்பது குழந்தையின் பாடு. முகத்தைத் திருப்பினால் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். எடை குறைந்தால் மருத்துவரிடம் போங்கள்; பக்கத்து வீட்டார் வாயை எடைக்கல்லாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

அன்று அக்கா மகளிடமும் கிண்ணத்தைக் கீழே வைக்கச் சொன்னேன். “பட்டினி கிடக்குமே சித்தி” என்றாள். ஒரு மணி நேரம் கழித்து, என் தட்டிலிருந்த இட்லியைப் பிய்த்துத் தின்றது.

காலையில் கூடாது, மாலையில் போகட்டும்

பத்து முறை மறுத்துவிட்டுப் பதினோராவது அழுகைக்குக் கொடுத்தால், அடுத்த முறை பதினொன்று வரை அழும். கொடுப்பதானால் முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

‘அப்பா வரட்டும்’

சொல்லாதீர்கள். அந்த மனிதர் களைத்துப்போய் வருவார்.

பாட்டியைக் குழந்தை முன்னால் திருத்துவது

திருத்துவதானால் பிறகு, சமையலறையில்.