இலையை விடுங்கள், அடிமரத்தைப் பிடியுங்கள்: பெரிய மரத்துக்கு கிறிஸ்துமஸ் லைட் கட்டும் முறை

கிருஷ்ணகிரி பக்கம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. அடிமரம் ஆறடி சுற்றளவு. பத்தடி உயரத்தில் மூன்று கிளைகளாகப் பிரிகிறது. குடில் வேலை ஆரம்பிக்கும் முன்பே தெருப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள்: "அண்ணா, மரத்துக்கு எப்ப லைட் போடுவீங்க?" சில வருடங்களாக இந்த மரத்தோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டதை, முதல்முறையாகக் கட்டப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் செல்போனில் பார்த்த படத்தை மறந்துவிடுங்கள். குச்சி குச்சியாக ஒவ்வொரு கிளையும் மின்னும் அந்த மரங்கள் குளிர்நாட்டு மரங்கள். டிசம்பரில் அவற்றில் ஓர் இலை இருக்காது. நம் வேம்பும் மாவும் புளியும் மார்கழியில் இலை அடர்ந்து நிற்கும். அதற்குள் லைட்டை வீசினால் பாதி மறைந்துவிடும், மீதி கல்யாண வீட்டுச் சரம் அறுந்து தொங்குவதுபோல் இருக்கும். முதல் வருடம் நான் அதைத்தான் செய்தேன். நம் மரங்களுக்கு அழகு அடிமரத்திலும் கிளை பிரியும் கவட்டையிலும் இருக்கிறது. அதை மட்டும் நெருக்கமாகச் சுற்றினால் போதும். மேலே இலைக்கூட்டம் தானாகவே அந்த வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும்.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அண்ணாந்து பாருங்கள். ஈபி லைன் கிளைக்குள்ளோ கிளைக்குப் பக்கத்திலோ போகிறதென்றால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். இதில் பேச்சே இல்லை. மாமரம் என்றால் பகலில் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிடுங்கள். இலைகளைச் சேர்த்து ஒட்டிய முசுறு எறும்புக் கூடு இருந்தால், ஏணியில் நிற்கும்போது கழுத்தில் இறங்கும். மார்கழி, தை மா பூக்கும் காலம் வேறு. பூங்கொத்து உள்ள நுனிப்பக்கம் கையை வைக்காதீர்கள்.

சரி, இப்போது கணக்கு. கடைக்குப் போகும் முன் ஒரு கயிற்றால் அடிமரத்தை அளந்துகொள்ளுங்கள். சுற்றுக்குச் சுற்று 4 அங்குல இடைவெளி விட்டால் பார்க்க நிறைவாக இருக்கும். பத்தடி உயரத்துக்கு 30 சுற்று. சுற்றுக்கு 6 அடி என்றால் 180 அடி, அதாவது ஏறக்குறைய 55 மீட்டர். 10 மீட்டர் சீரியல் செட் ஆறு வேண்டும். ஒவ்வொரு கிளைக்கும் இன்னொரு செட். ஆக மொத்தம் ஒன்பது. "ரெண்டு செட் போதும்ணா" என்று கடைக்காரர் சொன்னால், அவர் உங்கள் மரத்தைப் பார்த்ததில்லை.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். பெட்டியில் ஐபி44 அல்லது அதற்கு மேல் போட்டிருக்க வேண்டும். 44 என்றால் தண்ணீர் தெறித்தால் தாங்கும், 65 என்றால் பீய்ச்சியடித்தாலும் தாங்கும். ஐபி20 வீட்டுக்குள் மட்டும். நம் பக்கம் டிசம்பரில் மழை இல்லாவிட்டாலும் விடியற்காலைப் பனி ஒயரை நனைத்துவிடும். இரண்டாவது, ஒரு செட்டின் வால்முனையில் அடுத்ததைச் செருக சாக்கெட் இருக்க வேண்டும். மூன்றாவது, நிறம். வேம்பின் கரடுமுரடான பட்டைக்கு வார்ம் ஒயிட்தான் என் தேர்வு. பிள்ளைகள் கலர் கேட்பார்கள், அதை ஸ்டாருக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் மரத்தைத் தொட்டு விளையாடும் இடமென்றால் அடாப்டர் வைத்த 24 வோல்ட் செட் வாங்கி, அடாப்டரைத் திண்ணைப் பக்கம் நனையாத இடத்தில் வையுங்கள்.

பழைய ஜீரோ வாட் பல்புச் சரத்தை எடுத்து மாட்டலாமா என்று ஒருவர் கேட்டார். பெயர்தான் ஜீரோ. ஒவ்வொன்றும் 10, 15 வாட் இழுக்கும். ஐம்பது பல்பு என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எல்இடி செட் ஒன்றுக்கு 8 வாட் என்று வைத்தாலும் ஒன்பது செட்டுக்கு 72 வாட்தான். தினம் 5 மணி நேரம், 15 நாள் எரித்தால் ஐந்தரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

வாங்கி வந்ததும் மரத்துக்கு ஓடாதீர்கள். ஒவ்வொரு செட்டையும் தரையில் விரித்து இரண்டு மணி நேரம் எரியவிடுங்கள். ஏணியில் நின்றுகொண்டு எரியாத துண்டைத் தேடுவது போன்ற கொடுமை இல்லை.

இப்போது சுற்றும் முறை. ஒன்பது செட்டையும் ஒரே சரமாக இணைக்கக் கூடாது. அந்த மெல்லிய ஒயர் அவ்வளவு கரண்டைத் தாங்காது. எத்தனை இணைக்கலாம் என்று பெட்டியில் போட்டிருக்கும், அதைத் தாண்டாதீர்கள். எதுவும் போடவில்லையென்றால் மூன்றோடு நிறுத்திவிடுங்கள். நான் மூன்று மூன்றாக மூன்று சரம் செய்துகொள்கிறேன். அடிமரத்தில் கீழிருந்து மேலே ஒவ்வோர் அடிக்கும் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, முதல் சரத்தை அடிக்கு ஒரு சுற்றாகச் சுற்றிக்கொண்டு மேலே போகிறேன். இரண்டாவது சரம் அதற்கு 4 அங்குலம் மேலே ஆரம்பித்து அதே போக்கில் போகும். மூன்றாவது இன்னும் 4 அங்குலம் மேலே. மூன்றும் சேரும்போது 4 அங்குல இடைவெளி தானாக வந்துவிடும். ஒவ்வொரு சரத்திலும் முதல் இரண்டு செட் கவட்டை வரைக்கும் சரியாக வரும். மூன்றாவது செட் ஆளுக்கொரு கிளைக்குப் போய்விடும். இதில் இன்னொரு லாபம்: நடுவில் ஒரு சரம் போய்விட்டால் மரத்தின் ஒரு பக்கம் இருட்டாகாது. இடைவெளி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

எப்போதும் பிளக் முனையைக் கீழே வைத்து ஆரம்பியுங்கள். சிரிக்காதீர்கள். இரண்டாவது வருடம் நான் கவட்டையில் ஆரம்பித்து ஜோராகச் சுற்றிக்கொண்டே இறங்கினேன். கீழே வந்து பார்த்தால் கையில் சாக்கெட் முனை. பக்கத்து வீட்டு மாமா கட்டிலில் உட்கார்ந்தபடி, "என்னப்பா, மரத்தையே தலைகீழாப் புடுங்கி நடப் போறியா?" என்றார். அத்தனையும் அவிழ்க்க ஒரு மதியம் போனது.

கட்டுவதற்கு ஆணி, ஸ்டேப்ளர் வேண்டாம். பட்டைக்கும் கேடு, ஒயருக்கும் கேடு. பழைய சைக்கிள் டியூபை விரல் அகலத்துக்குக் கீறி வைத்துக்கொண்டு, மூன்று சுற்றுக்கு ஒருமுறை கட்டினால் வழுக்காது. சணலும் போதும். ஒயரை இறுக்கி இழுக்காதீர்கள். காற்றில் மரம் ஆடும்போது ஜாயின்ட் பிடுங்கிக்கொள்ளும்.

ஏணியின் தலையை மரத்தோடு கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஏணி கவட்டை வரைக்கும்தான், அதற்கு மேல் ஏறாதீர்கள். கிளைக்கு மாங்காய் பறிக்கும் தொரட்டி இருக்கவே இருக்கிறது. மாந்தோப்புக் காரர்கள் வீட்டில் கேட்டால் தருவார்கள். அரிவாளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு கவைக்குச்சியைக் கட்டிக்கொள்ளுங்கள். மூங்கில் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒருவர் ஒயரைக் கிளைக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் விட, இன்னொருவர் இன்னொரு கழியால் அடியில் வாங்கி மறுபடி இந்தப் பக்கம் கொடுக்க வேண்டும். முதல் நாலு சுற்று எரிச்சலாக இருக்கும், அப்புறம் கை பழகிவிடும். அரையடி இடைவெளியில் சுற்றினால் பத்துப் பன்னிரண்டு அடி தூரம் போகும். கிளை மணிக்கட்டு அளவுக்கு மெலிந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். இவ்வளவு நேரமும் எந்தப் பிளக்கும் போர்டில் இருக்கக் கூடாது. "எரிஞ்சா பாத்துப் பாத்து சுத்தலாம்ல?" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள்.

ஜாயின்ட்களில்தான் தண்ணீர் புகும். பாலித்தீன் கவரை இறுக்கிச் சுற்றி டேப் ஒட்டுவது நல்லதல்ல, பனி உள்ளேயே தங்கிவிடும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு, ஒயர் நுழையும் அளவுக்கு ஒரு பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கீறி, ஜாயின்ட்டை உள்ளே வையுங்கள். வெட்டிய வாய் கீழ்நோக்கியும் கீறல் மரத்தைப் பார்த்தும் இருக்கட்டும். மேலே விழும் தண்ணீர் வழிந்து போகும், உள்ளே இருக்கும் ஈரம் கீழே இறங்கிவிடும். போர்டுக்குப் போகும் ஒயரையும் நேராக விடாமல், ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். ஒயர் வழியே ஓடிவரும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

மூன்று சரத்துக்கும் தனித்தனி பாயின்ட் கொடுங்கள். அந்த லைனில் 30 மில்லிஆம்ப் ஈஎல்சிபி கட்டாயம். ஒயர் கிழிந்து கரண்ட் மரத்திலோ மனிதரிலோ இறங்கினால் கண் இமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டிப்பது அதுதான். ஃப்யூஸ் அந்த வேலையைச் செய்யாது. வீட்டில் இல்லையென்றால் லைட் வாங்கும் காசில் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைப் போடுங்கள். டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுகிறதா என்று பார்த்தபிறகு சுவிட்சைப் போடுங்கள்.

சரத்துக்கு ஒரு டைமர் பிளக் வாங்கினால் மறதிக்கு மருந்து. நான் ஆறரைக்கு எரியவிட்டுப் பதினொன்றரைக்கு அணைக்கிறேன். மரத்தில் மைனா அடைகிறது, அதுவும் தூங்க வேண்டாமா? 24-ம் தேதி இரவு மட்டும் நடுச்சாமப் பூசை முடிந்து எல்லோரும் வீடு திரும்பும் வரை விட்டுவிடுவேன்.

மூன்று ராஜாக்கள் திருநாள் ஜனவரி 6. அது முடிந்ததும் கழற்றிவிடுங்கள். பொங்கல் வரை போகட்டும் என்று ஒருமுறை விட்டேன், அணில் இரண்டு செட்டைக் கடித்துத் துப்பியிருந்தது. கழற்றும்போது மேலிருந்து அவிழ்த்துக்கொண்டு வாருங்கள். நன்றாக வெயிலில் காயவிட்டு, ஒவ்வொரு செட்டையும் தனித்தனி அட்டையில் சுற்றி, எந்தக் கிளை என்று மேலே எழுதி வையுங்கள். சாக்கெட் முனையிலிருந்து சுற்ற ஆரம்பித்தால் பிளக் முனை வெளியே நிற்கும். அடுத்த டிசம்பரில் முதலில் கைக்கு வர வேண்டியது அதுதான்.