குவாத்தமாலாவுக்குக் கிளம்பும் ஏலத்தோட்டத் தம்பதிகளுக்கு

இடுக்கி மலையில் எங்கள் வண்டன்மேட்டில் ஏலக்காய் விலை சரிந்தால் டீக்கடையில் முதலில் அடிபடும் பெயர், மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலா. ‘அங்கே இந்த வருடம் காய் அதிகமாம்’ என்ற பேச்சைக் கேட்டுக்கேட்டே நானும் என் கணவரும் தோட்டம் நடத்தியவர்கள். அதனால் நம் மலையிலிருந்து ஜோடியாகக் கிளம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன்: எரிமலையும் ஏரியும் பிறகு இருக்கட்டும், முதலில் ஏலம் விளையும் மலைப்பகுதியில் உள்ள கோபான் நகருக்குப் போங்கள்.

பிப்ரவரி நல்ல மாதம். மே முதல் அக்டோபர் வரை அங்கே மழை. பிப்ரவரியில் நமக்குக் கடைசிக் காய் எடுப்பு முடிந்திருக்கும். அவர்களுக்குக் காய் எடுப்பு ஓடிக்கொண்டிருக்கும். கோடைத் தண்ணீர் விட நம்பிக்கையான ஆளை அமர்த்திவிட்டுத்தான் வீட்டைப் பூட்ட வேண்டும். அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கே மறுநாள் காலை ஏழரை. கங்காணிக்குப் போன் செய்ய அதுதான் தோதான நேரம்.

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கு மட்டும் என்றாலும் அமெரிக்க விசா வேண்டும். குவாத்தமாலா விசா விதிகளைப் புதுடெல்லியில் உள்ள அந்நாட்டுத் தூதரகத்திடமே கேளுங்கள். ஏஜெண்ட் வாய்மொழியை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

தலைநகரிலிருந்து கோபானுக்குச் சாலை வழியில் ஐந்தாறு மணி நேரம் ஆகும். வழியில் புருலா அருகே கெட்சால் பறவைக் காப்பகம் இருக்கிறது. காட்டுக்குள் கொஞ்சம் நடந்துவிட்டுப் போகலாம். 1914 வாக்கில் ஜெர்மானியக் காப்பித் தோட்டக்காரர் ஒருவர் இந்தப் பகுதியில்தான் ஏலத்தை நட்டார். இன்று உலகச் சந்தைக்கு மிக அதிகமாக ஏலக்காய் அனுப்பும் நாடு அது. ஆனால் விளைவிக்கிறவர்கள் பெரும்பாலும் கெக்சி மாயாச் சிறு விவசாயிகள். பலர் பச்சைக்காயாகவே இடைத்தரகரிடம் விற்றுவிடுகிறார்கள். நம்மைப் போல ஸ்டோரில் உலர்த்தி, புற்றடிக்கோ போடிக்கோ கொண்டுபோய் ஏலத்தில் வைத்து விலை பார்க்கும் வசதி அவர்களுக்கு இல்லை. அதை நேரில் கண்ட பிறகு, போட்டிக்காரர்கள் என்று அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் சமையலில் ஏலக்காய்க்கு அநேகமாக இடமே இல்லை என்பது என் கணவருக்கு ஆறாத வியப்பு.

தோட்டம் பார்க்க, விடுதிக்காரரிடம் சொல்லி உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்துங்கள். ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தவர் போதாது, கெக்சி பேசுபவராக இருக்க வேண்டும். மனைவி கூட வந்தால் வீட்டுப் பெண்கள் தயக்கமின்றி அடுப்படிவரை அழைத்துப்போவார்கள். அனுமதி கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: விதை, கிழங்கு, தட்டை எதையும் இங்கிருந்து அங்கேயோ அங்கிருந்து இங்கேயோ கொண்டுபோகக் கூடாது. ஏலச்செடியைத் தாக்கும் கட்டே என்ற வைரஸ் நோய் ஒரு தோட்டத்தை என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். தோட்டத்தில் போட்ட ஷூவைக் கழுவிக் காயவைத்த பிறகே பெட்டியில் வையுங்கள்.

கோபானிலிருந்து லங்கின் போய், செமுக் சாம்பேயில் குளியுங்கள். கஹபோன் ஆறு சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் ஓட, மேலே பச்சை நீலக் குளங்கள் படிப்படியாக நிற்கின்றன. மூட்டுவலி உள்ளவர்கள் மேலிருந்து பார்க்கும் மேடைக்கு ஏற வேண்டாம், ஏற்றம் செங்குத்து. ஆன்டிகுவா அழகான ஊர்தான். இரவில் ஃபுவேகோ எரிமலை நெருப்பு கக்கினால் அங்கிருந்தே தெரியும். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் மட்டும் விடுதி கிடைப்பது கடினம். அதித்லான் ஏரியில் படகுப் பயணத்தைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், பிற்பகலில் காற்று எழும்பி அலை தூக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கறுப்பு பீன்ஸ், சோள ரொட்டி, பொரித்த நேந்திரம்பழம் எங்கும் கிடைக்கும். ‘சின் கார்னே, சின் போயோ’ (இறைச்சி இல்லாமல், கோழி இல்லாமல்) என்று இரண்டையும் சொல்லுங்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வந்துவிடலாம். பருப்புப்பொடியும் ஊறுகாயும் கையோடு இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். கிராமங்களில் கார்டு செல்லாது. டாலரைத் தலைநகரிலேயே அந்நாட்டுப் பணமான கெட்சாலாக (பறவையின் பெயர்தான் பணத்துக்கும்) மாற்றி, ஆளுக்குப் பாதியாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.