பொது வேதியியல் ஜர்னலுக்குப் பேப்பர் அனுப்ப: காரைக்குடிப் பக்கத்து ஆய்வு மாணவர்களுக்கு

வேதியியலின் எல்லாக் கிளைகளையும் ஏற்கும் ஜர்னல் என்றால் எதை அனுப்பினாலும் போடுவார்கள் என்ற நினைப்பு இன்னும் இருக்கிறது. அப்படி அனுப்பும் பேப்பர்களில் பல, ரெஃபரி (பேப்பரை மதிப்பிடும் துறை நிபுணர்) கைக்குப் போகாமல் எடிட்டர் மேசையிலிருந்தே திரும்பிவிடுகின்றன. உங்கள் துறைக்கு வெளியே இருக்கும் கெமிஸ்ட்டுக்கு இதில் புதிதாக என்ன தெரிகிறது என்பதே எடிட்டர் பார்க்கும் முதல் விஷயம். அதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் இல்லையென்றால் எழுதத் தொடங்க வேண்டாம்.

எந்த ஜர்னல் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கெமிக்கல் கம்யூனிகேஷன்ஸ் போன்றவற்றில் பலரையும் ஈர்க்கும் புதுமை வேண்டும். ஏசிஎஸ் ஒமேகாவில் சோதனை சரியாகச் செய்யப்பட்டதா என்பதற்கே முதலிடம். அதுவும் ஆர்எஸ்சி அட்வான்சஸும் ஓப்பன் ஆக்சஸ், அதாவது யாரும் காசில்லாமல் படிக்கலாம். வெளியீட்டுக் கட்டணம் உண்டு. அதை யார் கட்டுவது, சலுகை கிடைக்குமா என்பதை அனுப்பும் முன்பே கைடிடம் பேசி முடித்துவிடுங்கள். பெங்களூரு இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸின் ஜர்னல் ஆஃப் கெமிக்கல் சயின்சஸையும் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊர்ப் பொருளையே எடுத்துக்கொள்வோம். செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்ததாகச் சொல்வார்கள். ‘செட்டிநாட்டுப் பூச்சு: ஓர் ஆய்வு’ என்று தலைப்பு வைத்தால் பாரம்பரியக் கட்டடங்களுக்கான ஜர்னலுக்குப் போகச் சொல்வார்கள். சுண்ணாம்பு கார்பனேட்டாக மாறும்போது புரதம் படிக வடிவத்தை மாற்றுகிறதா என்று கேட்டால், அது படிகவியல்காரரும் பாலிமர்காரரும் படிக்கும் பேப்பர்.

ஆனால் கேள்வி பெரிதானால் ஆதாரமும் பெரிதாக வேண்டும். எஃப்டிஐஆர் என்ற அகச்சிவப்பு நிறமாலைச் சோதனையில் 1420, 874, 712 செ.மீ⁻¹ அருகே கால்சைட் (கால்சியம் கார்பனேட் படிகம்) பட்டைகள் வரும். அதில் தகராறு இல்லை. 1650 அருகே ஒரு மேடு தெரிந்ததும் ‘புரதம் உறுதியானது’ என்று எழுதுவதில்தான் பேப்பர் விழுகிறது. ஈரத்தில் உள்ள நீரும் 1640 பக்கம் பட்டை தரும். சாம்பிளை உலர்த்தி மறுபடி எடுங்கள். 1540 அருகே புரதத்துக்கே உரிய இரண்டாவது அமைடு பட்டை இருக்கிறதா பாருங்கள். நீர்த்த அமிலத்தில் கார்பனேட்டைக் கரைத்து, மிச்சத்தில் நைட்ரஜன் அளவையும் காட்டுங்கள். மேல் பரப்பில் பிற்காலத்து வெள்ளையடிப்பு இருக்கும் என்பதால், பெயர்ந்த இடத்தின் உள் அடுக்கிலிருந்து சாம்பிள் எடுக்க வேண்டும். பல வீடுகள் பங்காளிகளுக்குப் பொதுவானவை. எல்லோர் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எதுவும் சேர்க்காத சுண்ணாம்புப் பூச்சு ஒன்றை அதே ஈரப்பதத்தில், அதே காலம் வைத்திருந்து ஒப்பிடாவிட்டால் ரெஃபரி கேட்கும் முதல் கேள்வி அதுவாகவே இருக்கும். கார்பனேற்றத்துக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆகவே ஒப்பீட்டுச் சாம்பிளை ஆய்வின் தொடக்கத்திலேயே போட்டுவைக்க வேண்டும்.

சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கும் ஊரில் மின்வேதியியல் பேப்பர்கள் நிறைய வரும். ஹைட்ரஜன் வெளியேற்ற வினைக்குப் பிளாட்டினம் இல்லாத வினையூக்கி என்று சொல்லிவிட்டு, கவுண்டர் எலக்ட்ரோடாக (மின்சுற்றை முடிக்கும் எதிர் மின்முனை) பிளாட்டினம் கம்பியை வைக்காதீர்கள். கம்பி மெல்லக் கரைந்து உங்கள் எலக்ட்ரோடில் படியும். மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி நூறு நூறாகச் சைக்கிள் ஓடும்போது செயல்திறன் கூடுவதுபோல் தெரியும், உண்மையில் வேலை செய்வது பிளாட்டினம். கிராஃபைட் தண்டு போதும். ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடு எது, ஆர்ஹெச்இ (மீள் ஹைட்ரஜன் எலக்ட்ரோடு) அளவுக்கு எப்படி மாற்றினீர்கள், மின்தடைத் திருத்தம் எத்தனை சதவீதம் என்பதை எல்லாம் எழுதுங்கள்.

புதிய சேர்மம் என்றால் சப்போர்ட்டிங் இன்ஃபர்மேஷனில் (பேப்பரோடு சேர்க்கும் துணைக் கோப்பு) புரோட்டான், கார்பன் என்எம்ஆர் இரண்டின் முழு ஸ்பெக்ட்ரமும் வேண்டும். தனிம பகுப்பாய்வு கணக்கிட்ட மதிப்பிலிருந்து ±0.4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பல ஜர்னல்களின் வழக்கம். படிக அமைப்பு இருந்தால் அதன் விவரம் அடங்கிய சிஐஎஃப் கோப்பைக் கேம்பிரிட்ஜ் படிக அமைப்புத் தரவகத்தில் சேர்த்து எண் வாங்குங்கள். அந்தக் கோப்பைச் சோதிக்கும் செக்சிஃப் நிரல் காட்டும் ‘ஏ’ நிலை எச்சரிக்கை ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதுங்கள். ஒரே சோதனையை மூன்று தனித்தனி சாம்பிளில் செய்து பிழைக்கோடு போடுங்கள். ஒரே எலக்ட்ரோடை மூன்று முறை அளப்பது அதற்கு ஈடாகாது.

கவர் லெட்டர் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அப்ஸ்ட்ராக்டை அதில் மறுபடி ஒட்டாதீர்கள்.

திருத்தச் சொல்லி வந்தால் பாதி வெற்றிதான். ரெஃபரியின் ஒவ்வொரு வரியையும் எடுத்துப் போட்டு, கீழே பதிலும், பேப்பரில் எந்தப் பக்கம் எந்த வரியில் மாற்றினீர்கள் என்பதும் எழுதுங்கள். ரெஃபரி சொன்னது தவறாக இருந்தால் தரவைக் காட்டி மறுக்கலாம். கோபம் மட்டும் எழுத்தில் தெரியக் கூடாது. கேட்ட சோதனையைச் செய்ய முடியாவிட்டால், அதைச் சொல்லி முடிவுரையில் உங்கள் கூற்றின் எல்லையைக் குறையுங்கள். மழுப்பினால் அடுத்த சுற்றில் பிடிபடுவீர்கள்.

வெளியாகும் முன் சரிபார்க்க அனுப்பும் புரூஃப் வந்ததும் பெயர்களைப் பாருங்கள். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. சமர்ப்பிக்கும் தளமோ இரண்டு பெயர் கேட்கும். ஒரு பேப்பரில் தகப்பனார் பெயர் கடைசியிலும் இன்னொன்றில் முதலிலும் வந்தால் மேற்கோள்கள் இரண்டு ஆட்களாகப் பிரிந்துவிடும். முதல் பேப்பரிலேயே ஒரு வடிவத்தை முடிவு செய்து, ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்க்கிட் எண்ணோடு இணைத்து, கூட எழுதுபவர்களையும் அப்படியே செய்யச் சொல்லுங்கள். ஆன்லைனில் ஏறிய பிறகு மாற்ற வேண்டுமானால் தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டிவரும்.