வெள்ளி மாலை கிளம்பாதீர்கள்: நண்பரோடு இரண்டு நாள் டர்பன்

ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு, சனி ஞாயிறு எங்கேயாவது போகலாம் என்றால் முதலில் வாயில் வருவது டர்பன்தான். கடல் இருக்கிறது, கோவில் இருக்கிறது, நாக்குக்குப் பிடித்த காரம் இருக்கிறது. நானும் என் நண்பனும் இதுவரை ஐந்தாறு தடவை போய் வந்திருக்கிறோம். முதல் தடவை திரும்பும்போது பாதி வழியில் வரும் ஹாரிஸ்மித் ஊர் வரைக்கும் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. பெரிய சண்டை எதுவும் கிடையாது. கிளம்புவதற்கு முன்னால் பேசியிருக்க வேண்டியதைப் பேசாமல் விட்டதன் பலன், அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு ஆபீசிலிருந்து நேராகக் கிளம்புவது. என்3 நெடுஞ்சாலையில் சுமார் 570 கிலோமீட்டர். மேப் ஆறு மணி நேரம் என்று ஆசை காட்டும். டர்பன் துறைமுகத்துச் சரக்கு உள்நாட்டுக்கு ஏறி வருவதும் இதே சாலையில்தான். அதனால் ராத்திரி முழுக்க லாரி வரிசை. அதற்கு மேல் வான் ரீனன் கணவாய். அங்கே மூடுபனி இறங்கினால் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கைத் தவிர எதுவும் தெரியாது. 2024 செப்டம்பரில் அந்தப் பக்கம் வெண்பனி கொட்டிச் சாலையே மூடிப்போய், பலர் ராத்திரி முழுக்கக் காருக்குள்ளேயே கிடந்தார்கள். செப்டம்பர் இங்கே வசந்த காலம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குப் பனி இல்லை, லாரிதான். இரவு ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். தங்கும் விடுதியில் கதவைத் திறக்க ஆள் இல்லை. போன் அடித்து அடித்து, ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தபோது மணி இரண்டு. சனிக்கிழமை எழுந்ததே பத்தரைக்கு. வெள்ளி ராத்திரியை மிச்சம் பிடிக்கப் போய்ச் சனி காலையைத் தொலைத்தோம்.

இப்போதெல்லாம் சனி அதிகாலை நாலு மணிக்குக் கிளம்புகிறோம். கணவாய்க்கு வரும்போது நன்றாக விடிந்திருக்கும். பத்தரைக்கு டர்பன். விமானம் என்றால் ஒரு மணி பத்து நிமிடம்தான், ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஓ.ஆர். டாம்போ, லான்செரியா என்று இரண்டு விமான நிலையங்கள், நகரத்தின் இரண்டு கோடியில். மலிவு டிக்கெட்டைப் பார்த்த அவசரத்தில் எந்த ஊர்க்கோடி என்று பார்க்காமல் பணம் கட்டிவிடாதீர்கள். டர்பனில் இறங்கும் கிங் ஷாக்கா நிலையமும் ஊருக்குள் இல்லை, வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

அடுத்தது கணக்கு. 'இரண்டு நாள்' என்று சொல்கிறோமே, அதை மணியாக்கிப் பாருங்கள். சனி பத்தரை முதல் ஞாயிறு மதியம் வரை இருபத்தைந்தரை மணி நேரம். தூக்கம் ஏழு போனால் மிச்சம் பதினெட்டரை. என் நண்பன் முதல் தடவை பதினோரு இடம் எழுதிய பட்டியலோடு வந்தான். உஷாக்கா கடல் பூங்கா, மோசஸ் மபிதா ஸ்டேடியம், காந்தி 1904-இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பு, இன்னும் என்னென்னவோ. எதையுமே நின்று பார்க்கவில்லை, எல்லாவற்றின் வாசலிலும் போட்டோ மட்டும் இருக்கிறது. இப்போது ஆளுக்கு ஒரு இடம் கட்டாயம், மற்றதெல்லாம் கிடைத்தால் லாபம்.

அவனுக்குக் கடலில் சூரிய உதயம் வேண்டும். டிசம்பரில் அது ஐந்து மணிக்கு முன்பே முடிந்துவிடும். எனக்கோ எட்டு மணிக்கு முன் எழுந்தால் அந்த நாளே ஓடாது. முதல் தடவை மரியாதைக்காக எழுந்து போய், மணலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது அவன் தனியாகப் போய்விட்டு வருகிறான், நான் தூங்குகிறேன். நண்பரோடு போனால் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்று யார் சொன்னது? கடலில் இறங்குகிறவர்கள் உயிர்காப்பாளர்கள் நட்டு வைத்த கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். கழிவுநீர் கலந்து சில கடற்கரைகளை மூடிவிடும் நாளும் உண்டு. காலையில் ஒரு தடவை விசாரித்துக்கொள்வது நல்லது.

என்னுடைய இடம் விக்டோரியா தெரு மார்க்கெட். மிளகாய்த்தூள் குவியலில் மாமியாரை ஒழிப்பதற்கென்றே பெயர் வைத்த ஒரு ரகம் விற்கிறார்கள்! அந்தப் பக்கத்துக் கடைகள் பலவும் சனி மதியத்துக்கு மேல் அடைத்துவிடும். 'கடைசியாக ஷாப்பிங் போகலாம்' என்று ஒத்திவைத்தால் வெறும் ஷட்டரைத்தான் பார்ப்பீர்கள்.

தேதி பார்க்காமல் போவதும் தவறுதான். ஜூலை முதல் சனிக்கிழமை டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம், டிசம்பர் பாதியிலிருந்து பள்ளி விடுமுறைக் கூட்டம், ஈஸ்டருக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோவில் திருவிழா. அறை வாடகை எகிறும், சாலையும் திணறும். திருவிழாவுக்காகவே போகிறீர்கள் என்றால் சரி, மாதக்கணக்கில் முன்னால் அறை பிடியுங்கள்.

அந்தக் கோவிலில் எனக்கு இன்னொரு பாடம். கற்பூரம், மஞ்சள் சேலை, தமிழ்ப் பாட்டு. பக்கத்தில் நின்ற அம்மாவிடம் உரிமையோடு, "எத்தனை மணிக்குங்கம்மா பூஜை?" என்றேன். சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் பதில் வந்தது. சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது 1860 நவம்பர் 16. அதற்குப் பிறகு எத்தனை தலைமுறை! கவுண்டர் 'கவெண்டர்' ஆகிவிட்டார், முதலியார் 'மூட்லி' ஆகிவிட்டார். தமிழ் தெரியவில்லையே என்று முகம் சுளிக்காதீர்கள். சாமியை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

சாப்பாட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை. 'பன்னி சவ்' என்ற பெயரைக் கேட்டுத் தமிழ்க் காது திடுக்கிடும். அந்தப் பன்னி இல்லை இது. ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பை ஊற்றி, குடைந்தெடுத்த பஞ்சை மேலே மூடியாக வைத்துத் தருவார்கள். 'குவார்ட்டர்' என்றால் முழு ரொட்டியில் கால் பங்கு. பசியில் ஆளுக்கு ஒரு 'ஹாஃப்' சொன்னோம். பாதி ரொட்டி, அதுவும் ஆட்டுக்கறிக் குழம்பை முழுக்கக் குடித்துக் கனத்துப் போனது. அன்று மாலை எங்கும் நகர முடியவில்லை.

வண்டியைப் பூட்டும்போது ரிமோட்டை அமுக்கிவிட்டு நடக்காதீர்கள். கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். பூட்டும் சிக்னலைத் தடுத்துவிட்டுக் காரைத் துடைத்தெடுக்கும் கும்பல்கள் இந்த நாட்டில் உண்டு. ரோபோவில் நிற்கும்போது (டிராஃபிக் சிக்னலுக்கு இங்கே அதுதான் பெயர்) போன் மடியில் இருக்கக் கூடாது.

கடைசியாகக் காசு. பெட்ரோல் அவன், அறை நான் என்று வாய்க்கு வந்தபடி பிரித்துக்கொண்டதுதான் எங்கள் மௌனத்துக்குப் பாதிக் காரணம். ஐந்து சுங்கச்சாவடி, பார்க்கிங் பார்த்துக்கொள்பவருக்குச் சில்லறை, இரண்டு காபி. இவை எதுவும் யார் கணக்கிலும் இல்லை, எல்லாம் என் பர்சிலிருந்தே போனது. சொல்லவும் கூச்சம். இப்போது கிளம்பும்போதே ஆளுக்கு ஒரே தொகை ஒரு கவரில் போடுகிறோம். கவர் அவனிடம். மிச்சம் இருந்தால், திரும்பும் வழியில் கடைசியாக வரும் டி ஹூக் சுங்கச்சாவடிக்குள் எண்ணிப் பாதியை என் மடியில் வைத்துவிடுவான்.