இஞ்சிப்புல் தைலம்: வடிப்பதும் கிருமித்தடுப்பை அளப்பதும்

இஞ்சிப்புல் தைலம் பாக்டீரியாவை அடக்கும் என்பது தெரிந்த சங்கதி. எவ்வளவு தைலம் போதும் என்று கேட்டால்தான் ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் விடை மாறுகிறது. தைலம் ஆவியாகும், தண்ணீரோடு சேராது. இந்த இரண்டையும் கணக்கில் எடுக்காமல் சோதிப்பதே பெரும்பாலும் அதற்குக் காரணம்.

முதலில் எந்தப் புல் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கேரளத்தின் ஓடக்காலி ஆய்வு நிலையம் வெளியிட்ட ஓடி-19 (சுகந்தி) சிம்போபோகன் ஃப்ளெக்சுவோசஸ் இனம். வீட்டுத் தொட்டிகளில் வளர்வது பெரும்பாலும் சிம்போபோகன் சிட்ரேட்டஸ். அதன் தைலத்தில் மிர்சீன் என்ற மணப்பொருள் கூடுதல். கிருமியை அடக்கும் வேலையைச் செய்வது சிட்ரால். ஜெரேனியல், நெரால் என்ற இரு ஆல்டிஹைடு வடிவங்கள் சேர்ந்ததுதான் சிட்ரால். நல்ல தைலத்தில் அது 70–80% இருக்கும். மிர்சீனுக்குத் தனியே சொல்லும்படியான கிருமித்தடுப்பு இல்லை.

அறுத்த இலையை ஒரு நாள் நிழலில் வாடவிட்டு, 2–3 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். 2 லிட்டர் குடுவையில் 200 கிராம் இலை, 1.2 லிட்டர் வாலைநீர், சில கொதிகற்கள். கிளெவெஞ்சர் கருவியில் (நீராவியோடு வரும் தைலத்தைத் தனியே பிரித்து அளக்கும் கண்ணாடிக் கருவி) சுமார் 3 மணி நேரம் வடித்து, 20 நிமிட இடைவெளியில் எடுத்த இரு அளவுகளும் ஒன்றாக இருந்தால் நிறுத்தலாம். அரை மில்லியிலிருந்து ஒரு மில்லிக்குள் தைலம் எதிர்பார்க்கலாம். நீரற்ற சோடியம் சல்பேட்டைப் போட்டு ஈரத்தை எடுத்து, பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் கழுத்துவரை நிரப்பி 4 டிகிரியில் வையுங்கள். பாதிக் குப்பி காலியாக இருந்தால் அங்குள்ள காற்றே சிட்ராலை ஆக்சிஜனேற்றிவிடும். ஆறு மாதம் மேசையில் கிடந்த தைலத்தைச் சோதித்தால் அளப்பது வேறொரு பொருளைத்தான்.

வட்டுப் பரவல் முறை (பாக்டீரியா தடவிய அகாரில் தைலம் விட்ட காகித வட்டை வைத்து, சுற்றிலும் பாக்டீரியா வளராத வளையத்தை அளப்பது) முதல் சல்லடைக்கு மட்டும் ஆகும். 90 மி.மீ. தட்டில் 25 மில்லி முல்லர்-ஹின்டன் அகார் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) ஊற்றினால் 4 மி.மீ. தடிமன் வரும். 6 மி.மீ. வட்டில் 10 மைக்ரோலிட்டர் தைலம் விட்டு, தட்டைப் பாராஃபிலிம் என்ற மெழுகுப்படலத்தால் மூடுங்கள். ஒரே தட்டில் நான்கைந்து தைலங்களை வைத்தால் ஒன்றின் ஆவி மற்றதன் வளையத்தைப் பெரிதாக்கும். இரு வேறு தைலங்களின் வளையங்களை ஒப்பிட்டு, 'இது அதைவிட வலுவானது' என்று எழுதவே கூடாது. அகாரில் எளிதாகப் பரவும் பொருள் பெரிய வளையம் காட்டும், அவ்வளவுதான்.

உண்மையான எண் வேண்டுமென்றால் 96 குழித் தட்டில் குறைந்தபட்சத் தடுப்பளவை (பாக்டீரியா வளர்வதைத் தடுக்கும் மிகக் குறைந்த தைல அளவு) பாருங்கள். முல்லர்-ஹின்டன் குழம்பில் (அதே ஊடகத்தின் திரவ வடிவம்) 0.15% அகார் சேர்த்துக் கொதிக்கவைத்து ஆற்றினால் அது தைலத்துளிகளைத் தாங்கிப் பிடிக்கும். எண்ணெயை நீரில் கலக்க உதவும் ட்வீன் 80 அளவு மீறினால் தைலத்தின் வீரியத்தையே குறைத்துவிடும். அதனால் அகாரே மேல். 960 மைக்ரோலிட்டர் குழம்பில் 40 மைக்ரோலிட்டர் தைலம் விட்டு, ஒரு நிமிடம் வேகமாகக் குலுக்குங்கள், இது 4%. முதல் குழியில் 200 மைக்ரோலிட்டர் இந்தக் கலவை, அடுத்த ஒன்பதில் 100 மைக்ரோலிட்டர் வெறும் குழம்பு. அங்கிருந்து 100, 100 ஆக மாற்றிக்கொண்டே போய், பத்தாவது குழியில் எடுத்த 100-ஐக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு மாற்றலுக்கும் முன் நன்றாகக் கலக்காவிட்டால் தைலம் மேலே மிதந்து, கணக்கு அங்கேயே கெடும்.

பாக்டீரியாக் கரைசலை 0.5 மேக்ஃபார்லாந்து (கலங்கலைக் கொண்டு பாக்டீரியா எண்ணிக்கையை மதிப்பிடும் அளவுகோல்) கலங்கலுக்குக் கொண்டுவந்து 150 மடங்கு நீர்த்து, குழிக்கு 100 மைக்ரோலிட்டர் விடுங்கள். மில்லிக்கு 5 லட்சம் உயிரணுக்கள் நிற்கும்; தைலம் 2%-இல் தொடங்கிப் பாதி பாதியாக இறங்கும். பதினொன்றாவது குழியில் தைலமில்லாத பாக்டீரியா, பன்னிரண்டில் வெறும் குழம்பு. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு ஏடிசிசி (அமெரிக்க நுண்ணுயிர் சேகரிப்பு நிலையம்) எண் 29213, ஈ. கோலைக்கு 25922 பொருத்தமான ஒப்பீட்டு வகைகள். ஒட்டுப்படலத்தால் தட்டை இறுக மூடி, 35 டிகிரியில் 24 மணி நேரம்.

தைலக்குழம்பு தானே கலங்கலாக இருப்பதால் கண்ணை நம்பாதீர்கள். 0.015% ரெசசுரின் (உயிருள்ள பாக்டீரியாவால் நிறம் மாறும் சாயம்) கரைசலைக் குழிக்கு 30 மைக்ரோலிட்டர் விட்டு 2–4 மணி நேரம் காத்திருங்கள். வளர்ந்த குழி இளஞ்சிவப்பாகும், அடங்கியது நீலமாகவே நிற்கும். நீலமான கடைசிக் குழிதான் விடை. பதினொன்றாவது குழி நீலமாக இருந்தால் ஆவி தாவியிருக்கலாம், அல்லது பாக்டீரியாவே செத்திருக்கலாம். இரண்டில் எதுவானாலும் தட்டைத் தூக்கிப்போட்டு மறுபடி செய்யுங்கள். ஸ்டாஃபிலோகாக்கஸைவிட ஈ. கோலைக்குக் கூடுதல் தைலம் தேவைப்படுவது வழக்கம். அதன் வெளிச்சவ்விலுள்ள லிப்போபாலிசாக்கரைடு எண்ணெய்ப் பசையுள்ள பொருள்களை எளிதில் உள்ளே விடாது.

முடிவை மி.கி.யில் எழுத, தைலத்தின் அடர்த்தி சுமார் 0.89 என்று கொள்ளுங்கள்: 0.1% என்றால் மில்லிக்கு 0.89 மி.கி. கொன்றதா, வெறுமே தடுத்ததா என்று அறிய, சாயம் விடுவதற்கு முன்பே ஒவ்வொரு குழியிலிருந்தும் 10 மைக்ரோலிட்டர் எடுத்து அகாரில் தடவுங்கள். தொடக்கத்தில் அந்த 10 மைக்ரோலிட்டரில் 5,000 உயிரணுக்கள் இருந்தன. 5 கூட்டங்களோ அதற்கும் குறைவோ முளைத்தால் 99.9% செத்ததாகக் கொள்ளலாம். தட்டுகளை 121 டிகிரியில் அரை மணி நேரம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்த பிறகே குப்பைக்கு அனுப்புங்கள்.