குளம் தூர்வதும் தூர் எடுப்பதில் நேரும் தவறுகளும்

திருகோணமலை மாவட்டத்தில் ஒரு குளம் தூர்ந்துவிட்டது என்றால் உடனே கேட்கப்படுவது பெகோவும் டிப்பரும்தான். தூர் எடுப்பது சில இடங்களில் தேவைதான். ஆனால் மண் வரும் வழியை விட்டுவிட்டுக் குளத்தை மட்டும் தோண்டுவது வீண் செலவு. மற்றத் தவறுகள் பலவும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

ஒரு கணக்குப் பார்ப்போம். 10 ஹெக்டேயர் நீர்ப்பரப்பில் சராசரி 30 சென்ரிமீற்றர் வண்டல் படிந்திருந்தால் அது 30,000 கன மீற்றர், அதாவது சுமார் 10,600 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). மூன்று கியூப் ஏற்றும் டிப்பரில் 3,500 நடைக்கு மேல் போகும். அத்தனையும் அள்ளினால் கூடுதலாகத் தேங்கும் நீர் ஏறத்தாழ 24 ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி ஆழம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி). சிறுபோக நெல்லுக்கு ஏக்கருக்கு நான்கு ஏக்கர் அடி என்று வைத்தால் ஆறு ஏக்கருக்குத்தான் காணும். வரும் மண்ணை மேலேயே மறிப்பது இதைவிட எவ்வளவோ மலிவு.

மண் வருவது எப்போது? கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நிலம் காய்ந்து, புல் கருகி, மாடுகளின் குளம்படியில் பொடியாகிக் கிடக்கும். சேனைக்காகச் சுட்ட காடும் அதே வேளையில் வெறுமையாக இருக்கும். அதன்மேல் ஒக்ரோபரில் விழும் முதல் கனமழைகள்தான் அதிகம் மண்ணை அரித்து வருகின்றன. மார்கழியில் புல் மூடியபின் அதே அளவு மழை பெய்தாலும் ஓடைத் தண்ணீர் அவ்வளவு கலங்குவதில்லை. ஆகவே தடுப்பு வேலைகள் செப்டெம்பருக்குள் முடிந்திருக்க வேண்டும்.

அலைகரையை, அதாவது கட்டுக்கு எதிர்ப்புறமாக நீர் ஏறி இறங்கும் கரையை, உழுவது மிகக் கெட்ட வழக்கம். நீர் வற்ற வற்ற ஈரம் இருக்கிறதே என்று பின்னாலேயே உழுதுகொண்டு போகிறார்கள். அங்கே கிளறிய மண் எங்கிருந்தும் வர வேண்டியதில்லை. அது ஏற்கெனவே குளத்துக்குள்தான் இருக்கிறது. அலைகரையில் மருதமரமும் புல்லும் பன்னும் நின்றால் ஓடிவரும் நீரின் வேகம் தணியும். மணல் முதலில் விழும், களி பிறகு படியும். இந்தப் பட்டையை அழித்துவிட்டுக் கீழே தூர் அள்ளுவதில் பயனில்லை.

காட்டுக்குள் துருசு (நீர் திறந்துவிடும் மதகு) இல்லாத சிறு குளங்கள் இருக்கும். பாசனத்துக்கு உதவாது என்று அவற்றை மேவி வயலாக்குவதும் தவறு. அவை மண்ணை வாங்கிக்கொள்வதற்காகவே கட்டப்பட்டவை. காட்டு விலங்குக்கும் மாட்டுக்கும் தண்ணீர் கொடுப்பவை. அம்பன் கங்கையின் எலகெர அணையிலிருந்து கந்தளாய்க் குளத்துக்கு வரும் நீர் மின்னேரியா, கவுடுல்லைக் குளங்களைக் கடந்து வரும்போது மண் சுமையில் பெரும்பகுதியை அங்கேயே இறக்கிவிடுகிறது. சிறு குளத் தொடரிலும் நடப்பது இதுதான். மேற்குளத்தைத் திருத்துவது கீழ்க்குளத்துக்கான வேலை. அப்படி ஒரு குளம் இல்லாத இடத்தில், ஓடை குளத்துக்குள் நுழையும் வாயில் அகலமான ஒரு வண்டல் குழி வெட்டலாம். ஆண்டுதோறும் ஆவணியில் அதை அள்ளாவிட்டால் இரண்டாம் மழைக்கே நிரம்பிவிடும்.

கிறவல் பாதைகளின் ஓர வாய்க்காலை நேரே குளத்துக்குள் திருப்பி விடுகிறார்கள். புல்வெளிக்குத் திருப்பினால் போதும்.

இனித் தோண்டுவது. கட்டின் அடியோரம் கை வைக்கக் கூடாது. அங்கே படிந்த களி நீர் கசிவதைத் தடுக்கிறது; அதைச் சுரண்டினால் கட்டின் கீழாக நீர் வழி தேடும். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்ட மாவட்டம் இது. கட்டிலிருந்து எவ்வளவு தள்ளித் தோண்டலாம் என்பதை, சிறு குளமானால் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் பெரிய குளமானால் நீர்ப்பாசனத் திணைக்களமும் முளை அடித்துக் காட்டிய பிறகே இயந்திரம் இறங்க வேண்டும்.

துருசின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்து நீர் வாய்க்காலுக்கு ஏறாது. மீனுக்கும் மாட்டுக்கும் கிணற்று ஊற்றுக்கும் அது நல்லது. ஆனால் வயலுக்கு நீர் கூடும் என்று கமக்காரருக்குச் சொல்லிப் பணம் செலவழிப்பது சரியல்ல. தொடங்குமுன் 12 மில்லிமீற்றர் இரும்புக் கம்பியில் அளவு கீறி, 50 மீற்றருக்கு ஓர் இடமாகக் குத்திப் பாருங்கள். மெது வண்டல் முடிந்து கடினத் தரை தட்டும் ஆழத்தைக் குறித்தால் எங்கே எவ்வளவு எடுப்பது என்று தெரியும். பழைய தரையை வெட்டினால் குளம் நீர் பிடிக்காமல் போகலாம்.

அள்ளிய மண்ணை அலைகரையிலேயே குவித்தால் அடுத்த பெரும்போக மழை அதைத் திருப்பிக் கொண்டுவரும். வயலுக்குப் போடுவதானால் மெல்லிசாகப் பரப்ப வேண்டும்; தடிப்பாகப் போட்ட வயல் மேடாகி வாய்க்கால் நீர் ஏறாது. வெளியே ஏற்றுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும்.

துருசைத் திறந்தால் வண்டல் அடித்துப் போகும் என்ற நம்பிக்கையும் உண்டு. துருசு வாயின் முன்னால் ஒரு சிறு பள்ளம் மட்டுமே துப்புரவாகும். வானை (மிகை நீர் வழிந்தோடும் இடத்தை) ஓரடி உயர்த்தி இழந்த கொள்ளளவை மீட்பது அதைவிட ஆபத்து. வெள்ளத்தில் கட்டின் உச்சிக்கும் நீருக்கும் உள்ள இடைவெளி குறையும், மேற்புற வயல்கள் மூழ்கும், ஆழமில்லாமல் விரிந்த அந்த நீரைக் கச்சான் மாதங்களில் வெயிலும் காற்றும் மாதத்துக்கு அரை அடி வீதம் குடித்துவிடும்.